ஒரே பச்சையில் இரண்டு சேலை

786

செஞ்சி
10.2.1985

என் பிரியத்துக்குரிய கணவர் கௌஸ் பாஷா அவர்களுக்கு, உங்கள் ஜாஹிதா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும், நம் மகன் ஹுசைனும், உங்கள் அம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். பிரசவத்துக்கு வந்த உங்கள் தங்கச்சி தாஹிராவும் அவள் பெண் முன்னியும் ரொம்ப ரொம்ப சுகம். அந்தச் சவூதி தம்மாம் வெயிலில் உங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

உங்கள் ரூம்காரரிடம் கொடுத்தனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. பால் டின், தைலம், சேலை எல்லாம் சரியாக இருந்தது. பெட்டியைப் பிரிக்கும்போது தெருவே நம் வீட்டு நடையில் நின்றது. டின்னைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. செஞ்சியில் பிள்ளைப் பால் டின் கண்ணால் பார்க்க முடியவில்லை. கடைக்காரன் உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு, வேண்டப்பட்டவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கிறான்.

திண்டிவனத்து லேடி டாக்டர் சொன்னதை உங்களுக்கு ஏற்கெனவே எழுதியிருந்தேன். ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்த களைப்பில் நான் கண்ணைத் திறக்கவில்லை. அதற்குள் மாமி, முதல் பால் மஞ்சளாக இருக்கிறது, பிள்ளைக்கு ஆகாது என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டார்கள். பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர். மறுநாள் டாக்டரம்மா வந்து, "உனக்குப் பால் பத்தாதும்மா, டின் பால் கொடு, படிச்சவங்க எல்லாம் இப்ப அதுதான் கொடுக்கிறாங்க" என்று சொல்லி, கடிகாரம் பார்த்துக் கொடுக்கப் பழக்கினார்கள். அந்த ரூம் சுவரில் ஒரு காலண்டர் குழந்தை. என்ன கன்னம், என்ன தொடை! நம் பிள்ளையும் அப்படி வருவான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வருவதற்குள் எனக்கு இருந்த கொஞ்சமும் வற்றிவிட்டது. போகட்டும். டின் இருக்கிறபோது அதற்கு என்ன வருத்தம்?

நீங்கள் அனுப்பிய டின்னைச் சுற்றிலும் அரபு எழுத்து. மதரஸாவில் ஓதிய நாக்கு சும்மா இருக்குமா? ஜபர், ஜேர் என்று உயிர்க்குறி எதுவும் போடாமல் மொட்டையாகத்தான் அச்சடித்திருக்கிறான். ஆனாலும் விடாமல் கூட்டிக்கூட்டி வாசித்தேன். மாமி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்கள். அர்த்தம் தெரியுமா என்று என்னைக் கேட்காதீர்கள். அரபு எழுத்தில் கெட்டதா எழுதியிருக்கப் போகிறார்கள்? தீர்ந்த டின்னைக்கூடக் கீழே வைக்க மனம் வராமல், குர்ஆன் இருக்கிற மாடத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

தாஹிராவுக்கு டின்னும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. முன்னி சிணுங்கினால் போதும், இருக்கிற இடத்தில் உட்கார்ந்து மாரில் போட்டுக்கொள்கிறாள். அடுப்படியில், கிணற்றடியில், காய் நறுக்கிக்கொண்டே. பால் ஊறட்டும் என்று மாமி தினமும் அவளுக்குப் பூண்டு உரிக்கிறார்கள், பால்சுறா வாங்கிப் புட்டு செய்கிறார்கள். பெற்ற மகள், செய்யட்டும். எனக்கு அம்மா இல்லை, எனக்கு யார் உரிப்பார்கள்? கேட்டால், "நீதான் டின் பால் கொடுக்கறியே, உனக்கு எதுக்கு?" என்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் வைத்துக்கொள்ளாமல் எழுதிவிடுகிறேன். எனக்கும் அவளுக்கும் ஒரே கிளிப்பச்சையில் நைலக்ஸ் சேலை அனுப்பியிருக்கிறீர்கள். பொண்டாட்டிக்கு ஒரு நிறம், தங்கச்சிக்கு ஒரு நிறம் என்று எடுக்க அந்த ஊர்க் கடையில் சேலையா இல்லை? அவள் அன்றைக்கே எடுத்துக் கட்டிவிட்டாள். முன்னி கக்கின பால் தோளெல்லாம் வழிய அதையே கட்டிக்கொண்டு அலைகிறாள். என்னுடையதை அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன். நீங்கள் வரும் அன்று கட்டிக்கொள்வேன். அன்றைக்கு அவள் வேறு சேலை கட்டட்டும்.

இன்னொன்றும் உண்டு. தாஹிராவுக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை நான்தான் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். "என் மகனுக்கு உன் மகள்தான், இது அண்ணன் வாக்கு" என்ற வரி வந்தது. அதை என் வாயாலேயே படிக்க வைத்தீர்களே, நல்லா இருக்குது கதை! பெற்றவளை ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? அவள் அன்றிலிருந்து ஹுசைனை "மருமகனே, மருமகனே" என்று கொஞ்சுகிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஹுசைன் உங்கள் ஜாடை. உங்கள் காது. அடுத்து ஆள் வந்தால் இதே டின் இன்னும் அனுப்புங்கள். உங்கள் நிழலில் நாங்கள் நீடித்து வாழ அல்லாஹ் அருள்வானாக.

உங்கள் வரவுக்காகக் காத்திருக்கும்,
ஜாஹிதா பேகம்


786

செஞ்சி, அரசு ஆஸ்பத்திரி
6.3.1985

கணவர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பதறாமல் படியுங்கள். முதலில் இதை எழுதிவிடுகிறேன்: ஹுசைன் பிழைத்துக்கொண்டான். என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறான். மூச்சு சீராக இருக்கிறது.

போன வாரத்திலிருந்து பிள்ளைக்கு வயிற்றாலே போய்க்கொண்டிருந்தது. பல் முளைக்கிற கோளாறு என்று தெருவில் சொன்னார்கள். இத்தனை சின்னதில் என்ன பல் என்று கேட்கிற புத்திகூட எனக்கு இல்லாமல் போனது. போகப் போக, இளைக்கிறானே என்று இன்னும் ஒரு கரண்டி பவுடர் கூடுதலாகப் போட்டுக் கலக்கினேன். கண் குழி விழுந்தது. உச்சிக்குழி உள்ளே போய்விட்டது. அழக்கூடச் சத்தம் வரவில்லை. மாமி ஓதிப் பார்க்கப் பள்ளிவாசல் ஹஜரத்தைக் கூட்டி வந்தார்கள்.

ஹஜரத் உட்கார்ந்து பிள்ளையின் தலையில் கை வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தியபோது மாடத்தில் அடுக்கியிருந்த டின்களைப் பார்த்தார். கிதாபுக்குப் பக்கத்தில் இதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அரபு எழுத்து இருக்கிறது, அதனால் கீழே வைக்கவில்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன். எடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் படித்தார். அவர் முகம் மாறியது. "யாரும்மா இத கொழந்தைக்குக் கொடுத்தது? இதுல இன்னா போட்டிருக்குது தெரியுமா? ஒரு வயசு ஆவாத கொழந்தைக்குக் கொடுக்காதீங்கன்னு போட்டிருக்குது. இது பெரியவங்க டீ போட்டுக் குடிக்கற பாலு" என்றார். ஓதுவது அப்புறம் ஆகட்டும், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க என்று விரட்டினார்.

அந்த எழுத்தைத்தான் நான் ராகம் போட்டு வாசித்தேன். மாமி தலையில் முந்தானை போட்டுக் கேட்டார்கள். வேண்டாம், கொடுக்காதே என்று எழுதியிருந்ததை நானே என் வாயால் உரக்கப் படித்துவிட்டு, அந்தக் கையாலேயே கலக்கிக் கொடுத்திருக்கிறேன். உங்களைக் குறை சொல்ல வரவில்லை. நான் டின் பால் என்று கேட்டேன், நீங்கள் டின் பால் அனுப்பினீர்கள். டாக்டரம்மாவும் டின் பால் என்றுதான் சொன்னார்கள். எந்த டின் என்று யாரும் சொல்லவில்லை.

இங்கே கொண்டு வந்ததும் காலில் நரம்பு தேடிக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினோம். ஜெயமாலா என்று ஒரு நர்சம்மா, மேல்சித்தாமூர்ப் பக்கத்து ஜைனர் வீட்டுப் பெண். என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே ஜன்னல் வழியாக வீசிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. திண்டிவனத்தில் இதைத்தான் வாங்கச் சொன்னார்கள் என்றேன். அதற்கு அவர், "அவங்க அப்படிச் சொன்னாங்க, நாங்க இப்படிச் சொல்றோம். நடுவுல உம்புள்ளதான் கெடந்து அவதிப்படுது. உனக்குப் பால் இல்லேன்னா, கொடுக்கற பொம்பள யாராச்சும் வூட்ல இருக்காங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. மாமி திறந்தார்கள்.

நான் வெந்நீர் வாங்க டீக்கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்க்கிறேன், கட்டில் காலியாக இருந்தது. ஒரு நொடி என் உயிர் என்னிடம் இல்லை. பிறகுதான் ஜன்னலோரம் தாஹிரா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அதே கிளிப்பச்சைச் சேலை. முந்தானைக்குள்ளே நம் பிள்ளை. வெளியே தெரிந்தது ஒரு கை மட்டும். அழக்கூட வலு இல்லாத அந்தக் கை, அவள் சேலையை விரல் விரலாகக் கொத்தாகப் பிடித்திருந்தது. என்னை ஒரு நாள்கூட அவன் அப்படிப் பிடித்ததில்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அழுதேன். எல்லாரும் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள். உங்களிடம் ஏன் பொய் எழுத வேண்டும்? வயிற்றெரிச்சலில் அழுதேன். கையிலிருந்த வெந்நீர் சொம்பைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

சாயந்தரம் பார்க்க வந்த ஹஜரத்திடம் மாமி மெதுவாகக் கேட்டார்கள், இரண்டு பிள்ளைக்கும் பேசி வைத்திருக்கிறதே என்று. ஹஜரத் சிரித்துவிட்டார். "அது முடிஞ்சு போச்சு. ஒரே மாருல பால் குடிச்சிட்டாங்க, இனிமே முன்னி அவனுக்குத் தங்கச்சி. நிக்காஹ் பேச்சே கூடாது. தாஹிரா அவனுக்குப் பால் கொடுத்த தாய். பெத்த தாய்க்கு உள்ள மரியாதைய அவளுக்கும் அவன் கொடுக்கணும்" என்றார். மாமி, "நிக்காஹ் போனா போவட்டும், புள்ள இருக்குதே" என்று அவர் முன்னாலேயே துஆவுக்குக் கை ஏந்தினார்கள்.

அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று எரிந்துகொண்டிருந்தவள் நான்தான். அது தானாக முறிந்துவிட்டது. ஆனால் எப்படி முறிந்தது பார்த்தீர்களா? மருமகனாக வர வேண்டியவனை மகனாகவே எடுத்துக்கொண்டாள். மருமகன் என்றால் அவன் கல்யாண வயதில்தான் பங்குக்கு வந்திருப்பாள். இப்போது இன்றிலிருந்தே பங்கு.

டின் அனுப்ப வேண்டாம். வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டிருந்தால் அவர் வீட்டுக்கு உடனே எழுதி நிறுத்துங்கள். பிள்ளைக்காக அங்கே தொழுகையில் கேளுங்கள். எனக்காகவும் கேளுங்கள், என் மனது சரியில்லை.

ஜாஹிதா


786

செஞ்சி
2.4.1985

அன்புள்ள கணவர் அவர்களுக்கு, ஸலாமுடன் எழுதுவது. நீங்கள் எழுதிய கடிதம் நேற்றுக் கிடைத்தது. "தாஹிராவுக்கு நாம் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் அவளுக்கு வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறீர்கள். வாசித்துக் காட்ட அவள் இங்கே இல்லை. ஏன் இல்லை என்று மாமி யாரையாவது விட்டு உங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நர்சம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "உன் பால் எங்கயும் போவல. புள்ள சப்பச் சப்பத்தான் ஊறும். பசி எடுக்கும்போது மொதல்ல உங்கிட்ட போடு, அப்புறம் நாத்தனார்கிட்ட கொடு" என்று சொன்னார். எனக்குப் புது உயிர் வந்தது. மாமியும் எனக்குப் பூண்டு உரிக்க ஆரம்பித்தார்கள். பால்சுறா இரண்டு தட்டில் வந்தது. நானும் வெட்கத்தை விட்டு, அவன் பசித்து வாயைத் திறக்கும்போதெல்லாம் மாரில் போட்டேன்.

அவன் வாய் வைக்கவில்லை. முகத்தைத் திருப்புகிறான். முதுகை வில்லாக வளைக்கிறான். கை இரண்டாலும் என்னைத் தள்ளுகிறான். பத்து மாதம் சுமந்து, வயிற்றைக் கிழித்துப் பெற்றவளை, பாட்டிலைப் பார்த்தாற்போல் பார்க்கிறான். அவள் முந்தானை பட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் தேடுகிறான்.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு நான் கூடத்தில் அவனை வைத்துக்கொண்டு போராடிக்கொண்டிருந்தேன். வீரிட்டு அழுதான். தாஹிரா அடுப்படியிலிருந்து மாரைக் கையால் அழுத்திக்கொண்டு ஓடி வந்தாள். ஜாக்கெட் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. "பாருங்க அண்ணி, அவன் அழுதா எனக்குத் தானா ஊறுது!" என்று சிரித்தாள்.

என் மடியில் என் பிள்ளை அழுகிறான், அவளுக்கு ஊறுகிறது. இதை எந்த ஊரில் போய்ச் சொல்ல? அவள் வஞ்சகமாகச் சொல்லவில்லை, எனக்கும் தெரியும். வெகுளித்தனமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வஞ்சகமாகச் சொல்லியிருந்தால் நாலு பதில் கொடுத்திருப்பேன். பக்கத்து வீட்டுப் பூவாயி வேறு வாசலில் நின்றுகொண்டு, "ரெண்டும் ரெட்டப் புள்ளயாட்டம் இருக்குதும்மா, ஒரு தாய் வயித்துப் புள்ளைங்க மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். "உன் கடமையெல்லாம் முடிஞ்சிது. எம்புள்ளைய எனக்கு விட்டுட்டு உம்புருஷன் வூட்டுக்குப் போய்ச் சேரு" என்றேன். மாமி நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். தாஹிரா பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி, வயிறு நிறையக் கொடுத்து, தூங்கினதும் தொட்டிலில் போட்டாள். சந்தை நாளில் அவள் புருஷன் பீர் முகமது கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை போட வந்தபோது, முன்னியைத் தூக்கிக்கொண்டு அவரோடு மண்டகப்பட்டுக்குப் போய்விட்டாள். எப்படியும் சித்திரையில் போக வேண்டியவள்தானே, கொஞ்சம் முன்னாலே போயிருக்கிறாள், அவ்வளவுதான். வாசற்படி இறங்கும்போது, "நீங்க கூப்ட்டா வர்ரேன் அண்ணி" என்றாள். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. பிள்ளை என் கையில்தான் இருக்கிறான், எனக்கு மட்டும்தான் இருக்கிறான். சிங்கவரத்திலிருந்து கறந்த பால் வருகிறது. நர்சம்மா திட்டினார், ஆனாலும் வேறு வழியில்லை என்று காய்ச்சி ஆற்றிச் சங்கில் ஊற்றச் சொன்னார். ஊற்றுகிறேன். பாதி வாயோரம் வழிந்துவிடுகிறது. நடுநடுவே தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்க்கிறான். பழகிவிடுவான். பிள்ளைகள் எதற்கும் பழகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

நீங்கள் தாஹிராவுக்குக் கடிதம் போட வேண்டாம். போட்டாலும் அங்கே யார் வாசித்துக் காட்டப் போகிறார்கள்? அப்படி எழுதத்தான் வேண்டும் என்றால் எனக்கு எழுதுங்கள். என் மகனுக்கு அம்மா ஒருத்திதான் என்று ஒரு வரி எழுதுங்கள். அதைத் தாயத்து மாதிரி வைத்துக்கொள்வேன்.

உங்கள்
ஜாஹிதா


786

மண்டகப்பட்டு
19.4.1985

என் உயிருக்கு உயிரான கணவர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மேலே ஊர்ப் பெயரைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் தங்கச்சி வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

பிள்ளை பழகவில்லை. சங்கைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொண்டான். ஊற்றினதைக் கக்கினான். ஆஸ்பத்திரியில் பார்த்த அந்தக் கண் குழி மறுபடி தெரிய ஆரம்பித்தது. ஜெயமாலா நர்சம்மா வந்து பிள்ளையைப் பார்த்தார். மாமியைப் பார்த்து, "இன்னா, மருமவளுக்கு வீம்பு முக்கியமா, புள்ள முக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாமி ஆள் அனுப்பித் தாஹிராவைக் கூப்பிடுகிறேன் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். போ என்று சொன்ன வாயால் வா என்று சொல்லியனுப்ப எனக்கு முடியவில்லை. அவள் திரும்பி வந்து நம் வாசற்படி ஏறுவதை உட்கார்ந்து பார்க்கிற தெம்பும் இல்லை. அதைவிட நானே போய்விடுவது மேல் என்று தோன்றியது. புர்காவைப் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, விழுப்புரம் பஸ் ஏறிவிட்டேன். மாற்றுத் துணியோடு என்னுடைய கிளிப்பச்சைச் சேலையையும் பையில் எடுத்து வைத்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கிக் குகைக் கோயில் வழியாக நடந்து வந்தேன். இவர்கள் வீட்டு வாசல் முழுக்க மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. கூலிப் பெண்களோடு தாஹிராவும் உட்கார்ந்து தோல் உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து கையைச் சேலையில் துடைத்தாள். என்ன கேட்பாள், என்ன பதில் சொல்வது என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். "சாப்ட்டீங்களா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் பிள்ளை என் தோளிலிருந்து தலையைத் தூக்கி ஒரு சின்னச் சத்தம் போட்டான். அவ்வளவுதான், அவள் ஜாக்கெட் நனைந்துவிட்டது. நான் பிள்ளையை நீட்டினேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அவன் மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டபோது என் வயிறு குளிர்ந்தது, நெஞ்சு எரிந்தது. இரண்டும் சேர்ந்தே நடந்தது. ஒரு மனுஷிக்குள் இரண்டும் இருக்க முடியுமா என்று ஹஜரத்திடம்தான் கேட்க வேண்டும்.

அன்று முழுக்க அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தாஹிராவின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அவளுடைய அந்தப் பச்சைச் சேலையில் மூக்கைத் தேய்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறான். செஞ்சியிலேயே அதைக் கவனித்துத்தான் நான் என் சேலையை எடுத்து வந்திருந்தேன். அதே நிறம், அதே துணி, நீங்கள் ஒன்றாக எடுத்ததுதானே. மறுநாள் காலையில் அதைக் கட்டிக்கொண்டு அவனை மாரில் போட்டேன். அவன் முகர்ந்து பார்த்தான். அந்துருண்டை வாசனை! இரண்டு தும்மல் போட்டுவிட்டு, ஊரே கூடுகிற மாதிரி கத்தினான். உங்கள் வரவுக்காகப் பெட்டியில் பூட்டி வைத்தேனே, அதற்குக் கிடைத்த பலன்.

தாஹிரா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போனாள். திரும்பி வரும்போது வேறு சேலை கட்டியிருந்தாள், அவள் கட்டியிருந்த பச்சை கையில் சுருண்டிருந்தது. "இதக் கட்டுங்க அண்ணி. தோய்க்கல, நாலு நாளா நான் கட்டினு இருந்தது. கூச்சப்படாதீங்க" என்றாள். அவள் வியர்வை, முன்னி கக்கின பால், அடுப்புப் புகை, மல்லாட்டைத் தூசி எல்லாம் அதில் இருந்தது. இன்னொருத்தி கட்டி அவிழ்த்த அழுக்குச் சேலையை நான் என் வாழ்நாளில் கட்டியதில்லை. அம்மா இல்லாத வீட்டிலும் என் அத்தா என்னை அப்படி வளர்க்கவில்லை. கட்டிக்கொண்டேன். என்னுடைய சேலையை அவள் எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஹுசைன் மூக்கைத் தேய்த்தான். கண்ணை மூடினான். என்னிடம் குடித்தான்.

நான் அவள் என்று நினைத்துக் குடித்தான். என் பிள்ளையிடம் நான் திருடிபோல வேஷம் கட்டி நிற்கிறேன் என்று எனக்குத் தெரியாமலில்லை. முதலில் ஒன்றும் வரவில்லை. வெறும் மாரைச் சப்பிவிட்டுச் சிணுங்கினான். உடனே தாஹிரா வாங்கிக்கொண்டாள். திரும்ப என்னிடம், திரும்ப அவளிடம். இப்படியே போய்க்கொண்டிருந்தது. இங்கே பீர் முகமது அண்ணனும் ஒரு முகம் சுளிக்கவில்லை. பூண்டு மட்டும் கட்டுக் கட்டாக வாங்கிப் போடுகிறார்.

முந்தாநாள் நான் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே தொட்டிலில் பிள்ளை அழுதான். எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றினேன், என் ஜாக்கெட் நனைந்திருந்தது. யாரோ தண்ணீர் தெளித்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. தாஹிராவும் அழுகையைக் கேட்டு மாரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். "நீங்க போங்க அண்ணி" என்றாள். அவள் முகத்தில் அப்போது ஒன்று வந்து போனது. எனக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று. இத்தனை நாள் அது என் முகத்தில்தான் இருந்தது. அவள் மறைத்துக்கொண்டாள், நானும் பார்க்காததுபோல் உள்ளே போனேன்.

இன்னும் முழு வயிற்றுக்கு என்னிடம் பால் இல்லை. காலையில் நான், மற்ற நேரத்தில் அவள். சீக்கிரம் எல்லாம் என்னிடமே ஆகிவிடும் என்று நர்சம்மா சொல்லியனுப்பியிருக்கிறார். அதுவரை இங்கேதான் இருப்பேன். உங்கள் பதிலை மண்டகப்பட்டு விலாசத்துக்கே போடுங்கள். தாஹிராவுக்கு எழுத வேண்டியதையும் அதிலேயே எழுதுங்கள். நான் வாசித்துக் காட்டுகிறேன், ஒரு வரியும் விடமாட்டேன். அம்மா ஒருத்திதான் என்று எழுதச் சொல்லியிருந்தேனே, அது மட்டும் வேண்டாம்.

இன்று காலையில் நடந்ததை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். குடித்துக்கொண்டிருந்தவன் கண்ணைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்தான். குடிப்பதை நிறுத்திவிட்டான். சேலையைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான். இப்போது கத்தப் போகிறான் என்று நினைத்தேன். கத்தவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே திரும்பக் குடித்தான். தாஹிரா பக்கத்து அறையில்தான் இருந்தாள். அவளைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. இந்த ஒன்றில் மட்டும் நான் யாருக்கும் பங்கு தர மாட்டேன்.

அடுத்து ஊருக்கு ஆள் வந்தால் டின் எதுவும் வேண்டாம். சேலை எடுத்தால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நிறத்திலேயே எடுத்து அனுப்புங்கள். எது யாருக்கு என்று மட்டும் பெயர் எழுதி வைக்காதீர்கள். நீங்கள் நல்ல சுகத்தோடு திரும்பி வந்து, உங்கள் மகன் ஓடி வந்து கட்டிக்கொள்வதைப் பார்க்க அல்லாஹ் எனக்கு ஆயுளைக் கொடுக்கட்டும். எனக்கு என்று எழுதியதை எனக்கும் அவளுக்கும் என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனின் தாய்,
ஜாஹிதா